ஒரு பூட்டும் இரண்டு பைகளும்: புதுவாயலிலிருந்து பாங்காக் வரை

புறப்படுகிற அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக்குப் பூட்டு இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

பாஸ்போர்ட் இருந்தது. போகவர டிக்கெட் இருந்தது. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு டப்பா, தலைவலி மாத்திரை, வயிற்று மாத்திரை எல்லாம் இருந்தன. பெரிய பையும் சின்னப் பையும் வாசலில் தயாராக நின்றன. என் வீட்டுக்காரர் தேவராஜ் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டு எங்க செல்வி?"

"எந்தப் பூட்டு?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிப்பும் வந்தது, கூடவே என்னவோ போலவும் இருந்தது.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. உலை பக்கம், எப்போதும் நைட் ஷிப்ட். அதே சிப்காட்டில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. செக்கிங், பகல் ஷிப்ட். எங்கள் மகள் ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது, பிள்ளையோடு யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும் என்று நாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது. காலையில் அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "செல்வி, வந்துட்டேன்" என்பார். அது எனக்கு மணி அடித்த மாதிரி. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் நான் திரும்பியதும் அவர் இரண்டாவது தூக்கம் போடுவார், ஒன்பது மணிக்கு எழுந்து கிளம்பிவிடுவார். கல்யாணம், கருமாதி என்றால் யாராவது ஒருவர்தான் போவோம். இரண்டு பேரும் போயே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு மேரி வந்து உட்காருவாள். ஆக, அந்த வீடு காலியாக இருந்ததே இல்லை. பூட்டு எதற்கு?

ஜெனி போன வருடம் நர்சிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போனாள். பிள்ளை போன பிறகும் ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கியாச்சும் போய்ட்டு வாங்கம்மா" என்று பயணத்தைக் கிளப்பிவிட்டதும் அவள்தான். மலேசியா, தாய்லாந்து, மூன்று வாரம், எல்லாம் சீப். போனிலேயே புக் செய்து கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணம் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது அதுதான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் அவருடைய ஷிப்ட் இன்சார்ஜ், "இனி பகலுக்கு மாறிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். மாறினால் ஜெனி பிறந்த பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே நேரத்தில் தூங்குவோம். நான் சந்தோஷப்பட்டுப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "டூர் போய்ட்டு வந்து சொல்றேன்னு சொல்லிக்கீறேன்" என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நைட் அலவன்ஸா? என்னோடு இருப்பதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதுவாயல் கூட்ரோடு ஹார்டுவேர் கடையில் நூற்று எண்பது ரூபாய்க்கு ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினோம். "மூணு சாவி வரும்ணே, பத்திரம்" என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து, பாஸ்போர்ட்டோடு சின்னப் பையில் போட்டார். மேரி வந்து, நாங்கள் பூட்டுவதைச் சினிமா ஷூட்டிங் மாதிரி நின்று பார்த்தாள். கவரைப்பேட்டையில் லோக்கல் டிரெயின் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு ரோட்டைத் தாண்டி, திரிசூலம் போய்ச் சேர்ந்தோம். ஏர்போர்ட் வரை வந்த செலவு ஒரு பிரியாணிக்குக் கூட ஆகவில்லை.

கோலாலம்பூரில் இறங்கினால் மணி நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் போனில் நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவர் கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டேன் என்றார். "மாத்துனா தூக்கம் கொளம்பிடும்." உலை பக்கம் வேலை பார்க்கிறவருக்குத் தூக்கம் என்பது பேங்க் லாக்கர் மாதிரி, அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

சௌக்கிட் பக்கம் ஒரு விடுதி. ஒரு படுக்கை முப்பது ரிங்கிட், நம் பணத்தில் அறுநூறு சொச்சம். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஜெனி சீப்பாகப் பிடித்ததன் ரகசியம் புரிந்தது. ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கணவன் மனைவியாக வெளிநாடு வந்து, ஆளுக்கொரு ஹாலில் படுத்தோம். என் மேல் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண், துவைத்த ஈரத் துணியையெல்லாம் என் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தாள். ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. கம்பளி தனியாக ஐந்து ரிங்கிட்.

அங்கே லாக்கர் என்று இருந்தது செருப்பு வைக்கிற அளவுதான். பெரிய பை அதில் நுழையவில்லை. அவர் இரவெல்லாம் விழித்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் தூங்கப் போனார். "நீ போய்ப் பாத்துட்டு வா, பை என்னாண்ட கீது. நீ வந்தப்புறம் நான் போறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. நான் முதலில் போய்ப் பத்துமலை பார்த்தேன். மெட்ரோ மாதிரி ஒரு ரயில், இரண்டரை ரிங்கிட்டுக்குள் டிக்கெட், வாசலிலேயே இறக்கிவிடுகிறது. தங்கமாக நிற்கும் முருகனை அண்ணாந்து பார்த்து, மூச்சு வாங்கப் படியேறி, குகைக்குள் மேலிருந்து வெளிச்சம் விழுவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அருமையான இடம். மத்தியானம் திரும்பி வந்து, அவரை எழுப்பி, விவரம் சொன்னேன்.

"படியில வலது பக்கம் ஏறு. நடுவுல ஒரு பெரிய கொரங்கு கீது, கையில பிளாஸ்டிக் கவர் வச்சிக்காத. கீழ காபி கடை வேணாம், கொள்ளை வெலை. ரயில் அரை மணிக்கு ஒன்னு."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். நான் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வந்தார்.

"அந்தக் கொரங்கு இப்ப எடது பக்கம் மாறிடுச்சு" என்றார்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது இப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். மூன்றாம் நம்பர் மெஷின் சூடாகிறது, பெல்ட்டைக் கவனி, டீ இன்னும் வரவில்லை. அடுத்த ஷிப்ட் ஆளான ரிலீவர் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் நாம் நகரலாம். அவர் வராவிட்டால், பசித்தாலும் ஒன்றுக்கு வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதில் எங்கள் இரண்டு பேரையும் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கோலாலம்பூருக்கு வந்தும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. இரட்டைக் கோபுரத்தையும் அப்படித்தான் பார்த்தோம். நான் பகலில், அவர் விளக்குப் போட்ட பிறகு. எது நல்லா இருந்தது என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

பஸ்ஸில் பட்டர்வொர்த் போனோம், ஐந்து மணி நேரம். வழி நெடுக எண்ணெய்ப்பனை, வரிசை வரிசையாக, யாரோ ஸ்கேல் வைத்து நட்ட மாதிரி. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சலிப்பு. அவர் ஏறியதும் தூங்கினவர், கடற்கரை வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். "இன்னா கீது வழியில?" என்றார். "பனை" என்றேன். படகு ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போனோம், ஆளுக்கு இரண்டு ரிங்கிட். காற்று உப்பாக முகத்தில் அடித்தது. அந்தப் படகில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருந்தோம். கால் மணி நேரம் கூட இருக்காது.

பினாங்கில் லிட்டில் இந்தியா பக்கத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் சாந்தியக்கா. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். நான் காலையில் தனியாகப் போவதையும், மத்தியானம் வருவதையும், என் வீட்டுக்காரர் அதன் பிறகு தனியாகக் கிளம்புவதையும் இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, எனக்குத் தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இங்க எங்கயும் ராத்திரி காவல் வேலைக்குப் போறாரா?"

"இல்லக்கா. நாங்க டூர் வந்துக்கீறோம்."

"டூரா? அப்புறம் ஏன்லா ஆளுக்கொரு பக்கம் போறீங்க? சண்டையா?"

"சண்டை இல்லக்கா" என்று தோசையைப் பிய்த்தேன். அன்றைக்கே ஜெனியும் வீடியோ காலில் அதையே கேட்டாள். "அம்மா, நீ அனுப்புன போட்டோ எல்லாத்துலயும் ஒண்ணு நீ இருக்க, இல்லாட்டி அப்பா இருக்காரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு கூட இல்லயே?"

நான் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அதே கோயில், அதே படி, அதே முருகன். ஒன்றில் நான், ஒன்றில் அவர். இரண்டு பேருக்கும் காசு கொடுத்து, நாட்டை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. சாந்தியக்கா கேட்ட மாதிரி சண்டையாக இருந்தாலாவது பரவாயில்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கும். இவர் பகலுக்கு மாறாமல் யோசிப்பது இதனால்தானா, என்னோடு இருப்பது இவருக்குப் பழகவில்லையா, பிடிக்கவில்லையா, ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் விடிகாலை தாய்லாந்துக்குக் கிளம்பினோம். பட்டர்வொர்த்திலிருந்து படாங் பெசார் என்கிற எல்லை ஊர் வரை நூற்று எழுபது கிலோமீட்டர், சுத்தமான ஏசி ரயில், பதினோரு ரிங்கிட் சொச்சம். வழியில் வயல். நம் திருவாலங்காடு பக்கம் ரயிலில் போகிற மாதிரியே நெல் வயல், கொக்கு, மோட்டார் ரூம். நடுவில் மட்டும் ஒரு மசூதிக் கோபுரம். நான் அதைக் காட்ட அவர் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

படாங் பெசார் ஸ்டேஷன் விசித்திரமான இடம். கீழே ஒரே கூரைக்குள் இரண்டு நாட்டு ஆபீசர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மலேசிய ஆள் முத்திரை குத்துவார், பத்து அடி நடந்தால் தாய்லாந்து ஆள் முத்திரை குத்துவார். மலேசியா நேரத்துக்கும் தாய்லாந்து நேரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம். அவர் கையில் இந்திய நேரம் வேறு. மூன்று மணிகளுக்கு நடுவில் நான் நின்றேன். ஹாட் யாய் போகும் சின்ன ரயில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டிக்கெட் ஐம்பது பாட், வாங்கியாயிற்று. ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. சாப்பாட்டுக் கடை மாடியில்.

"நான் மேல போய் நாஷ்டா பாக்கறேன். நீ பெரிய பையைப் பாத்துக்க" என்று அவர் சின்னப் பையோடு படியேறினார்.

நான் நின்றேன். அவர் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருவார், பையைப் பார்த்துக்கொள்வார், நான் போய்ச் சாப்பிடுவேன். இதைப் பேசி முடிவு செய்யவில்லை, பேசவேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்ததில்லை. கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. எனக்கு முன்னால் வரிசை நீண்டது, பிறகு குறைந்தது. போன் செய்யலாம் என்றால், காசு மிச்சம் என்று ஒரே ஒரு சிம்தான் வாங்கியிருந்தோம், அது என் போனில். பாஸ்போர்ட் இரண்டும் அவர் கையில். மேலே போய்ப் பார்க்கலாம் என்றால், ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் லிப்ட். நான் இதில் ஏறும்போது அவர் அதில் இறங்கிவிட்டால்? வந்து பார்த்து நான் இல்லை என்றால்? ரிலீவர் வருகிற வரை நகரக் கூடாது. நகரவில்லை.

கடைசி ஆளும் உள்ளே போனார். ஆபீசர் என்னைப் பார்த்து, வா என்பது போலக் கை காட்டினார். நான் மாடியைக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஓரமாக ஒரு மேஜை. மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு டீ. ஒரு தட்டு காலி, இன்னொரு தட்டில் ரொட்டி ஆறி அட்டையாகக் கிடந்தது. மேஜைக்கு முன்னால் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இம்மா நேரமா இன்னா பண்ண செல்வி? உனுக்காகத்தான் எடத்தைப் புடிச்சிக்கினு கீறேன்" என்றார்.

"எனக்காகவா? நீ வருவேன்னு நான் கீழ நின்னுக்கினு கீறேன்."

"தட்டை வச்சிட்டு எப்பிடி வர்றது? துடைச்சி எடுத்துக்கினு பூடுவாங்க. நீ வந்து உக்காந்தா நான் போய்ப் பையைப் பாக்கலாம்னு இருந்தேன்."

"ரயில் பூடுச்சு மாமா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் ஏழு மணி கூட ஆகவில்லை.

அவர் எனக்கு மாமன் மகன், சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மாமாவை நடு ஸ்டேஷனில் நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டீக்கடைப் பெண்மணி முக்காட்டு விளிம்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே திட்டினேன். பசி அப்படி.

அடுத்த ரயில் சாயங்காலம். அதுவரை போக இடமில்லை, பார்க்கக் கோபுரமில்லை. கீழே பிளாட்பாரத்து பெஞ்சில் இரண்டு பையையும் காலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். இனி யாரும் யாருக்காகவும் காவல் இருக்க வேண்டியதில்லை. அது ஒரு மாதிரி கையும் காலும் ஓடாத நிலைமை. பத்து நிமிஷத்தில் அவர் தலை ஆட ஆரம்பித்தது. நான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தூங்காத. இன்னிக்கு நீ தூங்கக் கூடாது."

"இன்னாத்துக்கு?"

"பேசு எதுனா."

"இன்னா பேசறது?"

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, நேராகவே கேட்டுவிட்டேன். "இன்சார்ஜ் கேட்டதுக்கு ஏன் சரின்னு சொல்லல? என்கூட இருக்க உனுக்குப் புடிக்கலயா?"

தண்டவாளத்தில் ஒரு நாய் நிதானமாக மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்கு நடந்து போனது. அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அது போகிற வரை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"புடிக்காம இல்ல செல்வி. பயமா கீது. நைட்டுல எனுக்கு எல்லாம் தெரியும். உலை எப்ப பொங்கும், யாரு எப்ப டீ போடுவான், எல்லாம். ஊட்ல நீயும் நானும் சேர்ந்தாப்ல உக்காந்தா இன்னா பண்றதுன்னு தெரியல. ஜெனி இருந்தா அது பேசும். இப்ப ரெண்டு பேரும் செவுத்தைப் பாத்துக்கினு உக்காந்திருப்போம். ஒரு மாசத்துல நீ சலிச்சிக்குவ. அந்தப் பேஜாரு வேணாம்னுதான்."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஏனென்றால் அதே பயம் என்னிடமும் இருந்தது. சாந்தியக்கா வீட்டில் நான் அழுததே அதற்காகத்தானோ என்னவோ. "எனக்கும் தெரியல மாமா" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உண்மையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் பசி வந்தது. பெரிய பையின் ஒரு கைப்பிடியை அவரும் இன்னொன்றை நானும் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். அவர் நடை வேகம், என் நடை மெதுவு, பை கோணல்மாணலாக ஆடியது. சந்தையில் போர்வை, தட்டு, சாக்லெட் என்று மலை மாதிரி குவித்திருந்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய பசை மாதிரி ஒட்டுகிற சோறும் மாம்பழமும் ஒரே தட்டில் வாங்கி இரண்டு ஸ்பூனால் சாப்பிட்டோம். சோற்றில் யாராவது மாம்பழம் வைப்பார்களா என்று அவர் கேட்டார். முக்கால்வாசியைத் தின்றதும் அவர்தான்.

சாயங்கால ரயிலில் எல்லையைத் தாண்டினோம். ஹாட் யாய், அங்கிருந்து பாங்காக். இனிமேல் எங்கே போனாலும் சேர்ந்துதான் என்று நான் சட்டம் போட்டுவிட்டேன்.

சேர்ந்து போவது லேசு இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தனித்தனியாகப் போனபோது ஒரு சண்டை இல்லை, சேர்ந்து போனபோது தினம் ஒன்று. எனக்குக் கடை கடையாக நின்று பார்க்க வேண்டும். அவருக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். பகல் வெயிலில் அவர் கண் சொருகும், நின்றபடியே தூங்குவார். எனக்கு ஏதோ ஒரு மீன் குழம்பு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டு, புத்தர் படுத்திருக்கிற கோயிலில் நான் அதிகம் பார்த்தது கழிப்பறையைத்தான். அவர் வெளியே என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரூமில் ஒரே கட்டில். அவர் குறட்டை இவ்வளவு சத்தம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. நான் தூக்கத்தில் பேசுவேன் என்று அவர் சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை.

பாங்காக்கில் கால்வாய்ப் படகில் ஒருநாள் போனோம். டிக்கெட் ஆளுக்கு இருபது பாட் கூட இல்லை. இரண்டு பக்கமும் தகர வீடுகள், பூந்தொட்டிகள், காயப்போட்ட துணிகள். ஒரு படித்துறையில் முதலை மாதிரி ஏதோ படுத்திருந்தது. கிட்டே போனால் உடும்பு, ஆள் நீளம், ராஜா மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். பழக்கதோஷம், அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவரும் அதே நேரத்தில் எனக்குச் சொல்ல வாயெடுத்தார்.

"பாத்துட்டேன்" என்றார்.

"நானும்தான்" என்றேன்.

அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பார்த்ததையே நானும் பார்த்திருக்கிறேன், அதே நேரத்தில். இத்தனை வருடம் நாங்கள் பேசியதெல்லாம் ஒருத்தர் இல்லாதபோது நடந்ததைத்தான். இருவரும் இருக்கும்போது நடந்ததைப் பற்றி என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த உடும்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. முன்சீட்டில் இருந்த பெண்ணிடம் போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னோம். ஜெனிக்கு அனுப்பினேன். உடும்பு அதில் விழவில்லை, நாங்கள் இரண்டு பேரும் விழுந்திருந்தோம்.

ஊர் திரும்பியது ஒரு சனிக்கிழமை. கூட்ரோட்டில் லாரித் தூசி, கம்பெனி பஸ்களின் ஹாரன், பொரிச்ச மீன் வாசனை. பாங்காக்கில் மூக்கைப் பொத்தாதவள் இங்கே வந்து பொத்தினேன், பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்தேன். அவர் பூட்டைத் திறந்தார். ஞாயிறு முழுக்கத் துணி துவைத்தோம். ஷிப்ட் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெஞ்சில் கேட்டது போதும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது அவர் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தார். அன்று ராத்திரி நைட் ஷிப்டுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். எப்போதும் போலத்தான். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் டூர் எப்படி என்று சூழ்ந்துகொண்டார்கள். நல்லா இருந்ததா என்றால் நல்லா இருந்தது என்றேன். கஷ்டமா என்றால் கஷ்டம் என்றேன். இன்னொரு தடவை போவியா என்றதற்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது.

முதலில் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு பயம் பிடித்தது. போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. மேரி எட்டிப் பார்த்தாள்.

"உன் ஊட்டுக்காரு காலையிலயே, நீ போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் யூனிபாரம் போட்டுக்கினு, டிபன் டப்பாவோட கெளம்பிட்டாரே. உன்னாண்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. சாவியும் கொடுக்கவில்லை. மூன்று சாவியும் அதே வளையத்தில் அவரோடு சிப்காட்டில் இருந்தன. கதவு இருந்தது, வீடு இருந்தது, உள்ளே போக வழியில்லை. மேரி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், நான் போகவில்லை. வாசற்படியிலேயே டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அவர் கம்பெனி பஸ் வந்து நின்றபோது வெளிச்சம் மங்கிவிட்டது. பகல் ஷிப்ட் ஆட்களோடு இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். என்னைப் படியில் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வெளிய இன்னா பண்ற?"

"சாவி?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "நான் திரும்பி வர்றப்ப எப்பவும் போல ஊட்ல நீ இருப்பன்னு நெனச்சிக்கினு, சாவியோட போய்ட்டேன் செல்வி."

"சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா?"

"இன்சார்ஜாண்ட போன்ல கேட்டுக்கினேன். ஒரு நாள் போய் நின்னு பாத்துட்டு உன்னாண்ட சொல்லலாம்னுதான். தாங்கலன்னா திரும்ப நைட்டுக்கே வந்துடலாம், உனுக்கும் ஏமாத்தமா இருக்காது."

"தாங்குச்சா?"

"தெரியல. மத்தியானம் தூங்கி விழுந்தேன். நாளைக்கும் போய்ப் பாக்கணும்."

அவர் பூட்டைத் திறந்தார். கதவு உள்பக்கம் போனது. வீடு இருட்டாக இருந்தது. அந்த வீட்டை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். கழற்றிக்கொண்டே, யாருமில்லாத அந்த வீட்டுக்குள் பார்த்து, தினமும் கொடுக்கும் அதே குரலைக் கொடுத்தார்.

"செல்வி, வந்துட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்று நான் சொன்னேன், "இங்கதான் கீறேன் மாமா."